லேப்டாப்பில் இருப்பது என்ன கிராஃபிக்ஸ் கார்டு? அவசரம்

கல்யாண_எடிட்டர்:
செகண்ட் ஹேண்டில் லேப்டாப் வாங்கியிருக்கிறேன். 6 ஜிபி என்விடியா என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எடிட்டிங் சாஃப்ட்வேர் திறந்தாலே அப்படியே நின்றுவிடுகிறது. உள்ளே என்ன கார்டு என்று எப்படிப் பார்ப்பது? ஞாயிற்றுக்கிழமை ரிசப்ஷன் வீடியோ கொடுக்கணும்.

திருகாணி:
என்ன மாடல்? விண்டோஸா, லினக்ஸா?

ஹீட்சிங்க்_ஹரி:
செகண்ட் ஹேண்ட் என்றாலே சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். முதலில் அதை மாற்றுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

பழைய_மதர்போர்டு:
இதற்கு நூறு தடவை பதில் சொல்லியாகிவிட்டது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால் ஜிபியு 0, ஜிபியு 1 என்று கிராஃபிக்ஸ் சிப்கள் பெயரோடு இருக்கும். இதுகூடத் தெரியாமல் எடிட்டிங் செய்ய வந்துவிடுகிறார்கள்.

கல்யாண_எடிட்டர்:
விண்டோஸ் 10. அங்கே ஜிபியு என்று ஒன்றுமே இல்லை சார். டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டும் கார்டு செய்கிறதா?

திருகாணி:
அது கார்டின் பெயர் இல்லை தம்பி. சரியான டிரைவர் கிடைக்காதபோது விண்டோஸ் மாட்டிக்கொள்ளும் ஸ்டெப்னி. ஓஎஸ் யார் போட்டது? நெட் இருக்கிறதா?

கல்யாண_எடிட்டர்:
நேற்று நான்தான் புதிதாகப் போட்டேன் அண்ணா. வைஃபை இன்னும் எடுக்கவில்லை. மொபைலில் இருந்துதான் எழுதுகிறேன்.

பழைய_மதர்போர்டு:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

பென்குயின்_பாண்டி:
பென்டிரைவில் உபுண்டு லினக்ஸ் போட்டு பூட் செய்து டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்று அடியுங்கள், உள்ளே இருக்கும் ஹார்டுவேர் பட்டியல் வரும். விஜிஏ என்ற வரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், அதில் பெரும்பாலும் பிராசசரோடு சேர்ந்தே வரும் இன்டெல் கிராஃபிக்ஸ்தான் இருக்கும். என்விடியா சிப் பல லேப்டாப்களில் '3டி கன்ட்ரோலர்' என்று தனி வரியில் வரும்.

சொல்லாக்கம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'வரைகலை அட்டை' என்று எழுதலாமே?

பழைய_மதர்போர்டு:
அட்டையும் இல்லை, கார்டும் இல்லை. டெஸ்க்டாப்பில்தான் கழற்றி மாட்டும் கார்டு. இந்த மாதிரி லேப்டாப்பில் சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள்.

பென்குயின்_பாண்டி:
இன்டெல்லுக்கு அட்டை பொருத்தமான பெயர்தான். சொந்த மெமரி கிடையாது, ரேமை உறிஞ்சியே வாழும்.

சொல்லாக்கம்:
கேலி செய்தால் சொல் வளராது நண்பரே.

திருகாணி:
சொற்போரை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, பென்டிரைவ் வேண்டாம். அந்த பேசிக் டிஸ்பிளே மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடிஸ். அங்கே 8086 என்று இருந்தால் இன்டெல், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி. 'அதர் டிவைசஸ்' கீழே மஞ்சள் குறியோடு '3டி வீடியோ கன்ட்ரோலர்' இருக்கிறதா? அதற்கும் இதே போலப் பாருங்கள். டெவ் என்பதற்குப் பக்கத்தில் உள்ள நான்கு எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள். அதுதான் சிப்பின் அடையாள எண், ஸ்டிக்கர் மாதிரி சுலபமாக ஒட்டி ஏமாற்ற முடியாது.

கல்யாண_எடிட்டர்:
முதலாவது 8086. மஞ்சள் குறி போட்டது 10டிஇ, பக்கத்தில் 1டி12.

திருகாணி:
என்விடியா எம்எக்ஸ்150. 2017-இல் வந்தது. ஒரே பெயரில் இரண்டு வகை உண்டு. 1டி10 என்றால் 25 வாட், அடிப்படை வேகம் 1469 மெகாஹெர்ட்ஸ். உங்களுடைய 1டி12 வெறும் 10 வாட், 937 மெகாஹெர்ட்ஸ். பெட்டியில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் அச்சடித்திருப்பார்கள். இதில் 2 ஜிபி, 4 ஜிபி பார்த்திருக்கிறேன். 6 எங்கிருந்து வந்தது? மொபைலை யூஎஸ்பி டெதரிங்கில் மாட்டி விண்டோஸ் அப்டேட் ஓட விடுங்கள். டிரைவர் ஏறியதும் டாஸ்க் மேனேஜரில் 'டெடிகேட்டட்', அதாவது சிப்பின் சொந்த மெமரி, எவ்வளவு என்று பாருங்கள்.

ஹீட்சிங்க்_ஹரி:
எதற்கும் பேஸ்ட்டையும் மாற்றிவிடுங்கள்.

கல்யாண_எடிட்டர்:
டிரைவர் ஏறிவிட்டது. சாஃப்ட்வேர் நிற்காமல் திறக்கிறது. டெடிகேட்டட் 2.0, ஷேர்டு 3.9. கடைக்காரர் ரேமையும் கூட்டி 6 சொல்லியிருக்கிறார். நன்றி அண்ணா, ரெண்டரில் போட்டிருக்கிறேன்.

புதியவன்_77:
எனக்கும் இதே பிரச்சினைதான். என்ன கார்டு என்று சொல்ல முடியுமா?

திருகாணி:
மாடல்?