புதுப்பிப்பு: அம்மாவின் காது அரிப்பு, கடைசியில் பூஞ்சைதான்

ஆண்டிபயாட்டிக் சொட்டு மூன்று வாரம் விட்டும் அம்மாவுக்குக் காது அரிப்பு அடங்கவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "எடுக்கிற அழுக்கைத் தூக்கிப் போடாம லேபுக்கு அனுப்பச் சொல்லுங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது.

கடலூரிலேயே வேறொரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். உறிஞ்சி எடுத்தபோது நனைந்த பஞ்சு மாதிரி வந்தது. கேஓஹெச் பரிசோதனையில் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது) அன்றே பூஞ்சை இழை தெரிந்துவிட்டது. எந்த வகை என்று கல்ச்சர் (லேபில் தட்டில் வளர்த்துப் பார்ப்பது) சொல்லத்தான் ஒரு வாரம் ஆனது. தட்டில் வளர்ந்தது காதில் வழக்கமாக வரும் கறுப்புப் பூஞ்சை ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் இல்லை. இலவங்கப்பட்டை நிறத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் டெர்ரியஸ். ஆம்போடெரிசின் பி என்ற பூஞ்சை மருந்து இதற்குப் பொதுவாகக் கேட்காது, அதனால் பெயர் தெரிந்தது நல்லதாப் போச்சு. செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று பார்த்த பிறகே க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்துச் சொட்டு கொடுத்தார். இப்போது அரிப்பு இல்லை.

எதிர்பாராதது ஒன்று: முதலில் விட்ட ஆண்டிபயாட்டிக் சொட்டே பூஞ்சை வளர இடம் கொடுத்திருக்கலாமாம்.