புதுப்பிப்பு: உச்சி வெயிலில் பந்தய கார் பேனிங், 1/30-க்கு வழி கிடைத்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஓடும் காரோடு சேர்த்து கேமராவையும் திருப்பி, பின்னணி மட்டும் கலங்கும்படி எடுப்பதுதான் பேனிங். அதற்காக நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/30 நொடி வைத்தால், லென்ஸ் துளையை எஃப் 22 வரை சுருக்கினாலும் படம் வெளுக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

வேலை செய்தது என்டி 8 ஃபில்டர் (லென்ஸ் முன் மாட்டும் கருப்புக் கண்ணாடி) யோசனைதான். அது வெளிச்சத்தை மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைப்பதால் அதே 1/30-க்கு எஃப் 10 போதும், துளை மிகச் சிறிதானால் வரும் டிஃப்ராக்‌ஷன் மங்கலும் போய்விட்டது. எதிர்பாராத லாபம், வானத்தில் கரும்புள்ளியாகத் தெரிந்த சென்சார் தூசியும் கண்ணில் படவில்லை (அங்கேயேதான் இருக்கிறது, துடைக்கணும்). போலரைசர் ஃபில்டரும் போட்டுப் பார்த்தேன், காரின் கண்ணாடிப் பளபளப்பை அழகாகக் குறைத்தது, ஆனால் வெளிச்சத்தை அவ்வளவு குறைக்காததால் எஃப் 16-க்குக் கீழே வர விடவில்லை.

கை ஆட்டத்தைத் தடுக்கும் ஸ்டெபிலைசேஷனை பேனிங் மோடுக்கு மாற்றச் சொன்னதும் உதவியது, மேல்கீழ் ஆட்டம் அடங்கியது.

அப்புறம், காரின் மூக்கு தெளிவாகவும் வால் கலங்கலாகவும் வந்ததற்கும் ஃபில்டருக்கும் சம்பந்தமில்லை. கார் நம்மை நோக்கிச் சாய்வாக வரும்போது அதன் இரு முனைகளும் ஃபிரேமில் வேறு வேறு வேகத்தில் நகர்கின்றன, அதனால் நேர் குறுக்காகக் கடக்கும் இடத்திலோ, தூரம் அதிகம் மாறாத வளைவின் உட்புறத்திலோ நின்றால் முழு காரும் தெளிவாக விழுகிறது. புதிதாக முயல்பவர்கள் 1/125-இல் தொடங்கி மெல்ல இறங்குங்கள். 1/30-இல் எனக்கு இன்னும் பாதிக்கு மேல் குப்பைதான்.