இல்லத்தில் வளர்ந்தவர் ஆவணங்கள் பெறுவது எப்படி?

கேள்வி (மார்த்தாண்டம்):
நான்கு வயதில் பெற்றோரை இழந்து, அரசு அங்கீகாரம் பெற்ற குழந்தைகள் இல்லத்திலும், பின்னர் குலசேகரத்தில் ஒரு வளர்ப்புக் குடும்பத்திலும் வளர்ந்த எனக்கு இப்போது வயது 34. பிறப்புச் சான்றிதழ் இல்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழில் தந்தை பெயருக்கான இடத்தில் இல்ல மேலாளரின் பெயர் இருக்கிறது. அந்த இல்லமும் மூடப்பட்டுவிட்டது. வளைகுடா வேலைக்காகப் பாஸ்போர்ட் எடுக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில் (தக்கலை):
தம்பி, முதலில் நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உங்கள் சேர்க்கைப் பதிவின் நகலைக் கேட்டு மனுக் கொடுத்து, கையோடு ஒப்புகையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் பழைய கோப்பு என்று சொல்லி அனுப்பிவிடக்கூடும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதிச் சான்றாக மாற்றுச் சான்றிதழை ஏற்பார்கள். ஆனால், மேலாளரைத் தந்தை என்று விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள். பின்னால் அதுவே வில்லங்கமாகும்.

பதில் (கருங்கல்):
பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, ஆதரிக்க வேறு யாருமின்றி இத்தகைய இல்லங்களில் சேர்க்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். சேர்க்கைப் பதிவு கிடைத்ததும் சாதிச் சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். அரசுத் தேர்வு எழுதுபவருக்கு இது பெரிய உதவி, பலருக்குத் தெரிவதே இல்லை.

பதில் (குளச்சல்):
ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். முறைப்படி தத்தெடுக்காமல் வளர்த்த பிள்ளைக்கு வாரிசுரிமை வராது. வளர்த்தவர்கள் உங்களுக்கு ஏதேனும் தர விரும்பினால், உயிலாக எழுதிப் பதிவு செய்துவிடுவதே நல்லது.