13 வயசு நாய், அஞ்சு நாளா சாப்பாட்டைத் தொடலை. ஏக்கம்தானா?

நீடாமங்கலத்து மருமகள்:

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு நாய் பிடிக்காது. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அது திண்ணையில, நான் உள்ளே. இப்ப அத்தை நாத்தனார் பிரசவத்துக்கு சிங்கப்பூர் போயி மூணு வாரமாச்சு, நாய் என் தலையில.

பேரு மணி. நாட்டு நாய், செவலை, ஆண். கஜா புயல் அடிச்சப்போ அதுக்கு ஆறு வயசுன்னு வீட்டுல சொல்றாங்க, அப்ப இப்ப 13 இருக்கும். வயல்ல எலி பிடிக்கக் கிட்டி வைக்க வர்றவரு பின்னாடியே சுத்துற நாய். போன வருஷம் குறுவை அறுப்பு வரைக்கும் மெஷின் முன்னாடி ஓடிக்கிட்டிருந்துச்சு.

இன்னியோட அஞ்சு நாள், ஒரு பருக்கை உள்ளே போகலை. பால் சோறு வச்சேன். கோழி ஈரல் வேகவச்சுப் போட்டேன். கடைசியில கருவாட்டுக் குழம்பு ஊத்திப் பிசைஞ்சு வச்சேன். எந்திரிச்சு வருது, மோந்து பாக்குது, நாக்கால உதட்டை நக்கிக்குது, மூஞ்சியத் திருப்பிக்குது. வீட்டுக்காரரு, பக்கத்து வீட்டு ஆச்சி, எல்லாரும் ஒரே வார்த்தை: "கிழவியை நெனச்சு ஏங்குது."

எனக்கு அது ஒத்துவரலை. ஏன்னா தண்ணி ஊத்துறது நான்தான். அத்தை இருந்தப்போ அந்த மண்சட்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை ஊத்துவாங்க. இப்ப நாலு தடவை ஊத்துறேன். ஏங்குற நாய் இப்படியா தண்ணி குடிக்கும்? அதோட வாய் நாறுது, ஒரு மாதிரி உப்பு மூத்திர வாடை. நேத்து இவரு அதைத் தூக்கிக்கிட்டு நெல் மூட்டை போடுற தராசுல ஏறி நின்னாரு. கழிச்சுப் பாத்தா 14 கிலோ. தீபாவளிக்கு 17 இருந்துச்சாம்.

தொட்டா உடம்பு சுடுது. வீட்டுல காய்ச்சல் மாத்திரை இருக்கு, பாதி குடுக்கலாமா?

அத்தை தினம் ராத்திரி வீடியோவுல "அவன் சாப்ட்டானா"ன்னு கேக்குறாங்க. சாப்ட்டுச்சுன்னு அஞ்சு நாளா பொய் சொல்லிக்கிட்டிருக்கேன். இன்னிக்கு நாயைக் காட்டச் சொன்னாங்க, சிக்னல் இல்லைன்னு வச்சிட்டேன்.

வலங்கைமான் (ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்):

மாத்திரையைக் கீழே வைம்மா முதல்ல. மனுஷனோட பாராசிட்டமால் நாயோட ஈரலைக் கெடுக்கும். புரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை அதைவிட மோசம், வயிறு புண்ணாகி கிட்னியும் போகும். சுடுதுன்னு சொல்றியே, நாய்க்கு 101-லேர்ந்து 102.5 வரைக்கும் இயல்பான சூடுதான். நம்ம கைக்குச் சுடத்தான் செய்யும். தெர்மாமீட்டரைப் பின்பக்கம் வச்சுப் பாக்காம காய்ச்சல்னு சொல்லாதே.

நீ எழுதினதுல விஷயமே அந்த மண்சட்டிதான். ஏக்கத்துல நாய் ரெண்டு வேளை, மிஞ்சினா ரெண்டு நாள் சுணங்கும். தண்ணி நாலு மடங்கு, எடை மூணு கிலோ குறைவு, வாயில மூத்திர வாடை, இந்த மூணும் சேந்தா எனக்கு கிட்னிதான் தோணுது. மூத்திரத்தைச் சுண்டவைக்கிற சக்தி கிட்னிக்குப் போயிடும். தண்ணி தண்ணியா வெளியே போகும், அதை ஈடுகட்ட நாய் குடிச்சுக்கிட்டே இருக்கும். அதிகம் குடிக்குதேன்னு சட்டியை எடுத்து வச்சிடாதே, செத்துப்போயிடும். கழிவு ரத்தத்துலயே தங்குறதால சோத்தைக் கண்டாலே குமட்டும். உதட்டை நக்குதுன்னு எழுதினே பாரு, அது ஆசையில்ல, குமட்டல்.

கருவாடு வேண்டவே வேண்டாம். உப்பு.

நாளைக்குக் காலையில கொண்டு போ. மாட்டாஸ்பத்திரியில டாக்டர் பாப்பாரு, ஆனா ரத்தம் பாக்கணும், ஸ்கேன் பாக்கணும். அதுக்கு ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்கேயே போயிடு. ரத்தத்துல யூரியா, கிரியேட்டினின் (ரெண்டும் கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு), பாஸ்பரஸ் பாக்கச் சொல்லு. கிரியேட்டினின் ஏறியிருந்தா கிட்னி முக்கால் பங்கு கெட்டாச்சுன்னு அர்த்தம், அதுக்கு முன்னாடி அது காட்டிக்குடுக்காது. உண்ணிக் காய்ச்சலுக்கும் ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடியில தேச்சுப் பாக்கணும்.

இன்னொண்ணு. எலி பின்னாடி ஓடுற நாய்ங்கிறே. எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணியில வர்ற எலிக்காய்ச்சலும் கிட்னியைத்தான் அடிக்கும், அது மனுஷாளுக்கும் ஒட்டும். முடிவு தெரியற வரைக்கும் அது மூத்திரம் போன இடத்தைக் கையுறை போட்டுக் கழுவு. எலிப்பாஷாணம் வச்சிருந்தாங்களான்னு வயல்லயும் விசாரி.

குத்தாலம் டீச்சர்:

தங்கச்சி, ஐயா சொன்னதைச் செய்யுங்கள். கூடவே வாயைத் திறந்து பாருங்கள். எங்கள் ஜிம்மி இப்படித்தான் தட்டு வரை வந்து திரும்பிப் போகும். எட்டு நாள் ரசஞ்சோறு, தயிர்சோறு என்று மாற்றி மாற்றி வைத்தேன், திருஷ்டிகூடச் சுற்றிப் போட்டேன். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல் பிளந்து சீழ். பசி இருந்திருக்கிறது, மெல்லத்தான் முடியவில்லை. கிட்னி கெட்டாலும் ஈறிலும் நாக்கிலும் புண் வருமாம், டாக்டர் சொன்னார்.

ஊட்டுவதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். பாசத்தில் வாயைப் பிளந்து கஞ்சியை ஊற்றினேன். புரையேறி நுரையீரலுக்குப் போய் ஒரு வாரம் ஊசி. ஊற்றித்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னால், ஊசியில்லாத சிரிஞ்சில், தலையைத் தூக்காமல், கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அது முழுங்கிய பிறகு அடுத்தது. குமட்டல் அடங்காமல் ஊட்டினால் அந்தச் சோற்றையே ஜென்மத்துக்கும் வெறுத்துவிடும். மாத்திரையைச் சோற்றில் ஒளித்து வைப்பதும் அப்படித்தான், மாத்திரை வேறு, சோறு வேறு. வைக்கிற சோறு வெதுவெதுப்பாக இருக்கட்டும், வாசனை எழும்பும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு எதுவும் வேண்டாம்.

பேராவூரணி தம்பி:

அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. 13 வயசுங்கிறது நாட்டு நாய்க்கு நிறைய. எங்க தாத்தா சொல்வாரு, போகப்போற நாய் தானா அன்னத்தை விட்டுடும்னு. ஊசி, டெஸ்ட்டுன்னு அலைக்கழிக்காம திண்ணையிலயே நிம்மதியா விடலாமே.

வலங்கைமான் (ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்):

தம்பி, அஞ்சு நாள் குமட்டலோட கிடக்கிறதுக்குப் பேரு நிம்மதியா? காட்டிட்டு, முடியாதுன்னு டாக்டர் சொன்னா அப்புறம் விடு. அப்பவும் வலி தெரியாம அனுப்ப வழியிருக்கு. காட்டாம விடறது வேற.

நீடாமங்கலத்து மருமகள்:

ஒரு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும்.

குட்டியானை வண்டி பிடிச்சு, பின்னாடி வைக்கோல் பரப்பி, நானும் கூடவே உக்காந்துதான் போனேன். மன்னார்குடி தாண்டுறதுக்குள்ள என் மடியிலயே வாந்தி, வெறும் மஞ்சத் தண்ணி. ஐயா சொன்னதுதான். கிரியேட்டினின் 4.6. ஒண்ணரைக்குள்ள இருக்கணுமாம். ஸ்கேன்ல ரெண்டு கிட்னியும் சுருங்கியிருக்கு. எலிக்காய்ச்சல் இல்லை, உண்ணிக் காய்ச்சலும் இல்லை. டீச்சரக்கா, நாக்கு ஓரத்துல புண் இருந்துச்சு, நீங்க சொல்லாட்டி நான் அந்த வாயைத் திறந்தே பாத்திருக்க மாட்டேன். சுருங்கின கிட்னி திரும்பாது, குமட்டலையும் நீர் வத்தறதையும் சமாளிச்சா மாசமோ வருஷமோ தள்ளலாம்னு டாக்டர் சொன்னாங்க.

மூணு நாள் அங்கேயே டிரிப்ஸ், வாந்தி நிக்க ஊசி. இப்ப வீட்டுலயே ஒருநாள் விட்டு ஒருநாள் பிடரித் தோலுக்கு அடியில 150 மில்லி ஆர்எல் (ரிங்கர் லாக்டேட்ங்கிற உப்புநீர் டிரிப்ஸ்) ஏத்தணும். பாட்டிலை ஊஞ்சல் கொக்கியில மாட்டிக்கிறோம். ரத்தம் எடுக்கிறதைப் பாத்தாலே மயக்கம் போடுற ஆளு நான். மொத நாள் இவரைக் குத்தச் சொல்லிட்டு அடுப்படியில நின்னேன். இவரு கை நடுங்கி நடுங்கி மூணு தடவை குத்தினாரு, பாக்கப் பொறுக்கலை, மறுதடவை நானே குத்திட்டேன். ஏத்தி முடிச்சதும் முதுகுல காளைமாட்டுத் திமிலாட்டம் நிக்குது, காலையில வடிஞ்சிடுது.

அத்தைகிட்ட சொல்லிட்டேன். திட்டுவாங்கன்னு பாத்தேன், ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "தட்டுலயா வைக்கிற? அவன் தட்டுல திங்கமாட்டான்டி, இலைக் கிழிசல்ல வையி"ன்னாங்க. எனக்கு இது தெரியவே தெரியாது. கொல்லையில வாழை இலை நறுக்கி, நொய்க்கஞ்சியில முட்டை வெள்ளைக்கருவை மட்டும் வேகவச்சு உதுத்துப் போட்டு வச்சேன் (மஞ்சக்கரு வேண்டாம், பாஸ்பரஸ் அதிகம்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க). நாலு வாய். அப்புறம் படுத்துட்டான். சாயந்திரம் மிச்சத்தை எடுக்கப் போனேன், உறுமுறான்.

வாந்தி ஊசி வேலை செஞ்சதா, இலையாலயான்னு தெரியலை.

வலங்கைமான் (ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்):

ஊசிதான்.

இலையிலயே வைம்மா.