நெல்லை வெயிலில் ஒரு பரோலோ: துவர்ப்பு குறையா, குணமா?

பாளை வாசி (கேள்வி)

அன்பர்களுக்கு வணக்கம். இத்தாலியின் தூரின் நகரில் வேலை பார்க்கும் என் மருமகப்பிள்ளை, பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்காக ஊருக்கு வந்தபோது, எனக்கென்று ஒரு பரோலோ ஒயின் பாட்டிலைத் துணிகளுக்கு நடுவே பொதிந்து எடுத்து வந்தார். அதன் லேபிளில் 2016 என்ற ஆண்டும், லா மோர்ரா என்ற ஊர்ப்பெயரும், ஆல்கஹால் 14 விழுக்காடு என்ற குறிப்பும் இருக்கின்றன. ஆடி மாதம் என் பால்ய நண்பர்கள் ஐந்து பேர் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களோடு அமர்ந்து இதைப் பொறுமையாகச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் அவர் இதே போல ஒன்று தந்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று அதை மரபீரோவின் மேல் நிறுத்தி வைத்து, கோடை கழிந்த பிறகு திறந்தேன். கார்க் பாட்டிலின் வாய்க்கு மேலே சற்று எழும்பி நின்றது. உள்ளே இருந்தது பழுப்பேறி, வேகவைத்த பழத்தின் வாடையோடு, சுவையே இல்லாமல் இருந்தது. ஆனால் அதற்கு முன்பு ஒருமுறை அல்பா நகருக்கு அருகே ஓர் உணவகத்தில் நான் குடித்த பரோலோ முற்றிலும் வேறாக இருந்தது. முதல் மிடறிலேயே ஈறுகள் இறுகிப் பிடித்து, பச்சைப் பாக்கைக் கடித்தது போல வாய் முழுவதும் துவர்த்தது. நன்றாக இல்லை என்று ஒதுக்கி வைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தபோது அதே கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து பன்னீர் ரோஜாவின் மணம் எழுந்தது. அதை இன்றும் மறக்கவில்லை.

சித்திரையும் வைகாசியும் எங்கள் வீட்டுக்குள்ளேயே 35 பாகைக்கு மேல் போகும். அந்த வெயிலில் இதைக் காப்பாற்றுவது எப்படி? அந்தத் துவர்ப்பு ஒயினின் குறையா, அல்லது அதுதான் அதன் குணமா? எங்கள் வீட்டுச் சமையலில் எதனோடு இது சேரும்? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பொருநைத் துறை

அண்ணாச்சி, வணக்கம். கொச்சியில் ஒரு விடுதியில் பதினோர் ஆண்டுகள் ஒயின் பரிமாறும் பிரிவில் இருந்தேன். இப்போது வீரவநல்லூரில் இருக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் தவறினால் மற்ற இரண்டுக்கும் வேலை இல்லை.

முந்தைய பாட்டில் வெப்பத்தில் வெந்துதான் போயிருக்கிறது. உள்ளிருக்கும் திரவம் சூட்டில் விரிந்து கார்க்கை மேலே தள்ளியதும், பழ வாடை வெந்த வாடையாக மாறியதும் அதற்கான அடையாளங்கள். நீண்ட நாள் வைப்பதற்கு 12 முதல் 14 பாகை செல்சியஸ் வரையிலான, ஏறி இறங்காத குளிர்ச்சி வேண்டும். நம் வீட்டில் அது கிடைக்காது; எனவே இன்றைக்கே பாட்டிலைத் தாளில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியின் அடியில் காய்கறி வைக்கும் தட்டில் படுக்க வையுங்கள். ஆண்டுக்கணக்கில் அங்கே வைப்பது நல்லதன்று; அந்த உலர்ந்த குளிர் கார்க்கை வற்றச் செய்யும். மூன்று நான்கு மாதங்களுக்கு எந்தக் கெடுதலும் வராது. வெயிலில் நிற்கும் காருக்குள் அரை மணி நேரம் மறந்து வைத்துவிடுவதுதான் இதைவிட ஆபத்து. இந்த விஷயத்தில் பிள்ளைகளையும் எச்சரித்து வையுங்கள்.

திறப்பதற்கு முந்தைய நாள் பாட்டிலை எடுத்து, பெட்டிக்குள்ளேயே நேராக நிறுத்துங்கள். இத்தனை ஆண்டு முதிர்ந்த பரோலோவில் வண்டல் படிந்திருக்கும். அது அடியில் இறங்க ஒரு நாள் தேவை. மறுநாள் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த பிறகு, 16 முதல் 18 பாகைக்கு வரும் வரை காத்திருங்கள். நம் ஊர் அறையில் அதற்கு முக்கால் மணி நேரம் போதும். சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது ஐரோப்பாவின் பழைய கல் வீடுகளை வைத்துச் சொன்ன அறை; பாளையங்கோட்டை அறை அன்று. 25 பாகையைத் தாண்டினால் ஆல்கஹாலின் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், ரோஜா வராது. மிகவும் குளிர்ந்திருந்தாலோ மணம் அடங்கி, துவர்ப்பு மட்டும் கடுமையாக நிற்கும். யவனர் கலத்தில் பாண்டிய நாட்டுக்கு வந்த தேறலைச் சங்கப் புலவர் குளிர்ச்சியும் மணமும் ஒருங்கே உடையதாகத்தான் பாடியிருக்கிறார். அந்த இரண்டும் சேர்ந்தே வரும் என்பதை நான் வேலையில் ஒவ்வொரு நாளும் கண்டேன்.

கார்க்கை எடுத்ததும் மோந்து பாருங்கள். நனைந்த அட்டைப் பெட்டியின் வாடை வந்தால் அது கார்க்கில் உண்டாகும் ஒரு சேர்மத்தால் வந்த பழுது. காற்றாட வைத்தாலும் போகாது. நல்லதாக இருந்தால் வாய் அகன்ற கண்ணாடிக் குடுவை ஒன்றில் மெதுவாக ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வரும்போது நிறுத்திவிடுங்கள். குடுவையில் இரண்டு மணி நேரம் இருக்கட்டும். அந்த நேரத்தில் அது சூடேறிவிடாமல் இருக்க, மண்பானைத் தண்ணீர் ஊற்றிய அகன்ற பாத்திரத்தில் குடுவையை நிறுத்தி, தேவைப்பட்டால் இரண்டு துண்டு பனிக்கட்டியை அந்தத் தண்ணீரில் போடுங்கள். ஒயினுக்குள் பனிக்கட்டி போடவே கூடாது.

தென்காசிச் சாரல்

துவர்ப்பைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் பரோலோவைப் பற்றிப் பேச வேண்டியதில் பாதி அதுதான்.

பரோலோ முழுக்க முழுக்க நெபியோலோ என்ற ஒரே திராட்சையால் ஆவது. இத்தாலியின் வடமேற்கே பியமோன்தே மாநிலத்தில், லாங்கே குன்றுகளின் மேல் அமைந்த 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்தால்தான் அந்தப் பெயரை இட முடியும். அந்தத் திராட்சைத் தோட்ட நிலப்பகுதியை யுனெஸ்கோ 2014இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நெபியோலோ மிகத் தாமதமாகப் பழுக்கும். மற்றவை எல்லாம் பறித்து முடிந்த பிறகு, அக்டோபரில் பனிமூட்டம் இறங்கும் காலத்தில்தான் இதைப் பறிப்பார்கள். இதன் தோலிலும் விதையிலும் துவர்ப்பைத் தரும் டானின் மிகுதி, புளிப்பும் மிகுதி, நிறம் மட்டும் குறைவு. எனவே கிண்ணத்தைச் சாய்த்து வெள்ளைத் தாளின் மேல் பிடித்துப் பார்க்கும்போது, நடுவே மாணிக்கச் சிவப்பும் விளிம்பில் செங்கல் நிறமும் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். அது இந்தத் திராட்சையின் இயல்பு. நிறம் தெளிந்து ஒளி ஊடுருவினால் நலம். முந்தைய பாட்டிலில் நீங்கள் கண்டது ஒளியற்ற பழுப்பு, அது வேறு.

டானின் என்பது நம் வாயின் உமிழ்நீரில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்ளும் பொருள். வழவழப்பைத் தரும் புரதம் போய்விடுவதால் நாக்கும் ஈறும் ஒன்றோடொன்று உராய்வது போலத் தோன்றுகிறது. நாக்கு அறிகிற சுவை என்பதைவிட, தொட்டு உணர்கிற உணர்ச்சி என்று இதைச் சொல்வது பொருந்தும். நம் மொழியில் அறுசுவையுள் ஒன்றாகத் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறோம். நாவல் பழம், கடுக்காய், பாக்கு, வாழைப்பூ என்று அதன் வகைகளைச் சிறு வயதிலேயே பிரித்து அறிகிறோம். பரோலோவைச் சுவைக்க நமக்கு இது பெரிய முதல். நாவலின் துவர்ப்பு சட்டென்று வந்து விலகும். கடுக்காயின் துவர்ப்பு நாக்கின் வேர் வரை போய் உட்காரும். ஒயினிலும் இப்படித்தான் பார்க்க வேண்டும்: துவர்ப்பு எங்கே பிடிக்கிறது, மணல் போல நறநறக்கிறதா, பட்டு போல மெல்லியதாகப் படர்கிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று. நல்ல பரோலோவில் துவர்ப்பு வலிமையாக இருந்தாலும் கரகரப்பாக இருக்காது. அதற்குள்ளே பழமும் மணமும் நடமாட இடம் இருக்கும். பச்சை விதையைக் கடித்தது போலக் கசந்து நின்றால் மட்டுமே அது குறை.

உங்கள் நண்பர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். முந்தைய நாள் நல்ல மலைத் தேயிலையைப் பத்து நிமிடம் கொதிநீரில் ஊறவிட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாத கட்டஞ்சாயாவாக ஒரு மிடறு வாயில் நிறுத்திப் பாருங்கள். பிறகு அதே சாயாவில் சிறிது பால் விட்டுக் குடியுங்கள். துவர்ப்பு ஏறத்தாழ மறைந்துவிடும். பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால் உங்கள் உமிழ்நீர் தப்பிக்கிறது. பியமோன்தே மக்கள் பரோலோவைப் பாலாடைக் கட்டியோடும், அதே ஒயினில் மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டிறைச்சியோடும் குடிப்பதற்குக் காரணம் இதுதான்.

காலமும் துவர்ப்பை மென்மையாக்குகிறது. சட்டப்படி பரோலோ 38 மாதங்கள் முதிர வேண்டும், அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில். ரிசர்வா என்று எழுதியிருந்தால் 62 மாதங்கள். பழைய முறைக்காரர்கள் தோலை ஒரு மாதத்துக்கும் மேலாகச் சாற்றில் ஊறவிட்டு, ஸ்லவோனிய ஓக் மரத்தால் ஆன பெரும் பீப்பாய்களில் முதிர வைப்பார்கள். 1980களில் சிலர் தோல் ஊறும் காலத்தைக் குறைத்து, 225 லிட்டர் கொள்ளும் சிறிய பிரெஞ்சுப் பீப்பாய்க்கு மாறினார்கள். இதனால் ஊருக்குள்ளேயே பெரும் பிணக்கு உண்டானது. பழைய முறையில் செய்ததுதான் என் மனத்துக்கு நெருக்கமானது; புது மரத்தின் வனிலா வாசனை ரோஜாவை மறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்களுடையது லா மோர்ரா ஊரது என்கிறீர்கள். அந்தப் பக்கத்து மண்ணில் விளைந்தது பொதுவாக மணம் மிகுந்தும் மென்மையாகவும் இருக்கும். கிழக்கே செர்ரலுங்கா பக்கத்தது இறுக்கமாகவும் நெடுங்காலம் காத்திருக்கக் கூடியதாகவும் இருக்கும். 2016 மிகச் சிறந்த அறுவடை ஆண்டு.

அம்பை அடுக்களை

உணவைப் பற்றி ஒரு சொல், அண்ணாச்சி. விருந்தினர் வந்ததும் முதலில் அல்வாவை வைப்பது நம் வழக்கம்; அன்றைக்கு மட்டும் அதை வைக்க வேண்டாம். இனிப்பு தின்ற நாக்கில் இந்த ஒயின் புளித்தும் கசந்தும் தெரியும். வெற்றிலை பாக்கையும் கடைசிக்குத் தள்ளுங்கள். ஊதுபத்தி, சாம்பிராணி, மல்லிகைப்பூ எதுவும் அந்தக் கூடத்தில் இருக்கக் கூடாது. அவை இருந்தால் கிண்ணத்துக்குள் இருக்கும் மெல்லிய மணத்தை யாராலும் பிடிக்க முடியாது.

மிளகாய் வற்றல் அரைத்த குழம்பு எதுவும் சேராது. அந்தக் காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டி, துவர்ப்பையும் கடுமையாக்கும். நான் சொல்வது சொதி. தேங்காய்ப்பாலின் கொழுப்பு துவர்ப்பை அணைத்துக்கொள்ளும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் ஒயினோடு போட்டி போடாது. பச்சை மிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட்டு இறக்கும்போது எடுத்துவிடுங்கள், இஞ்சியைப் பாதியாகக் குறையுங்கள், எலுமிச்சையை மட்டும் விட்டுவிட வேண்டாம். உணவில் சற்றுப் புளிப்பு இருந்தால்தான் ஒயினின் புளிப்பு உறுத்தாது.

மேலப்பாளையம் மைதீன் பேரன்

அக்கா சொன்ன சொதியை மறுக்கவில்லை. ஆனாலும் இறைச்சி உண்பவர்கள் வீட்டில் பரோலோவைச் சொதியோடு மட்டும் நிறுத்துவது அதற்குச் செய்யும் நியாயம் ஆகாது என்பது என் கருத்து. வெள்ளாட்டுத் தொடைக்கறியை மிளகும் பட்டையும் சின்ன வெங்காயமும் மட்டும் சேர்த்து, அடுப்பைத் தணித்து மூன்று மணி நேரம், எலும்பிலிருந்து கறி தானாகக் கழலும் வரை வேகவிடுங்கள். புரதமும் கொழுப்பும் அங்கேதான் இருக்கின்றன. நான் குடிப்பவன் அல்லன். துபாயில் இத்தாலியச் சமையலறை ஒன்றில் எட்டு ஆண்டுகள் நின்ற அனுபவத்தில், அந்த மேசைகளுக்கு எந்தத் தட்டு போயிற்று என்பதை வைத்துச் சொல்கிறேன்.

பாளை வாசி

மூன்று மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். எல்லோருடைய சொல்லையும் கேட்டுச் செய்தேன். ஆடிச் சாரல் காற்று வீசிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் திறந்தோம். கார்க் ஈரமாக, பழுதில்லாமல் வந்தது. ஆளுக்கு நூறு மில்லிக்கும் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தது. மூன்று மணி நேரம் அதை வைத்துக்கொண்டிருந்தோம்.

குடுவைக்கு மாற்றியவுடன் எடுத்த ஒரு மிடறில் மணம் ஒன்றும் இல்லை, துவர்ப்பு மட்டும்தான். இரண்டு மணி நேரம் கழித்து முதலில் வந்தது ரோஜா அன்று. புதிதாகப் போட்ட சாலையின் தார் வாடை. நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். பரோலோவின் அடையாளமே தாரும் ரோஜாவும்தான் என்று மருமகப்பிள்ளை தொலைபேசியில் சொல்லியிருந்ததால் பொறுத்திருந்தேன். கிண்ணத்தை மெல்லச் சுழற்றச் சுழற்ற அந்தத் தாருக்கு அடியிலிருந்து ரோஜா வந்தது, பிறகு நாட்டு மருந்துக் கடையில் அதிமதுர மூட்டையைப் பிரித்தது போன்ற ஒரு வாசனை, அதற்கும் பின்னால் காய்ந்த செர்ரிப் பழம். சாரல் அவர்கள் சொன்னபடி துவர்ப்பை மட்டும் தனியாகக் கவனித்தேன். மேல் ஈற்றில் தொடங்கி, கன்னத்தின் உட்புறம் படர்ந்து, விழுங்கி ஒரு நிமிடம் ஆன பிறகும் மெதுவாகத்தான் விலகியது, நறநறப்பே இல்லை. கட்டஞ்சாயா பயிற்சி செய்திராவிட்டால் இதைப் பிரித்து உணர்ந்திருக்க மாட்டேன்.

சொதி, ஆட்டுக்கறி இரண்டும் வைத்தோம். கறியோடு ஒயின் மென்மையாகி, பழச்சுவை மேலே வந்தது; சொதியோடு துவர்ப்பு சற்றுக் கூடுதலாகவே நின்றது, ஆனால் மணம் முழுமையாகத் தெரிந்தது. எனக்குச் சொதிதான் பிடித்தது. நண்பர்களில் நால்வர் கறியின் பக்கம் நின்றார்கள்.

என் பங்கில் ஒரு கையளவை மறுநாளுக்காகச் சிறிய புட்டியில் விளிம்பு வரை ஊற்றி, மூடிக் குளிரில் வைத்திருந்தேன். மறுநாள் மாலை எடுத்தபோது ரோஜா போய்விட்டிருந்தது. தாரும் அதிமதுரமும் இருந்தன, துவர்ப்பு இன்னும் மெலிந்திருந்தது. மழைக்குப் பின் பாபநாசம் காட்டுப் பாதையில் உதிர்ந்த இலைகள் மணப்பது போல, முந்தைய நாள் இல்லாத ஒரு மணம் அடியில் சேர்ந்திருந்தது.