விமலின் கணக்கு 2004-லிருந்தா, 2009-லிருந்தா?

பாம்பன் கரையான்:
'விலங்கு' இணையத் தொடரில் நடித்தவர்களைப் பற்றிக் கீழக்கரை வாசி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. "2009-ல் 'பசங்க' படத்தில் அறிமுகமான விமல் ஐந்தாறு ஆண்டுகளில் ஓய்ந்துபோனார், 2022-ல் ஜீ ஃபைவ் தளத்தில் வந்த இந்த ஒரு தொடர்தான் அவருக்கு மறுவாழ்வு கொடுத்தது" என்று ஒரு மனிதனின் பிழைப்பையே இரண்டு வரியில் எழுதி முடித்துவிட்டார். மறுவாழ்வைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த 2009 தவறு. 2004-ல் வந்த 'கில்லி'யில் விஜய்யின் கபடி அணியில் ஒருவராக விமல் நிற்கிறார். ஐந்து ஆண்டுக் காத்திருப்பைக் கணக்கிலேயே சேர்க்காமல் எழுதுவதற்கு எப்படித்தான் கை வந்ததோ தெரியவில்லை.

கீழக்கரை வாசி:
நான் எழுதியது நடிப்பு வாழ்க்கையைப் பற்றி. கூட்டத்தில் நின்றவர்களின் பட்டியலைப் பற்றி அன்று. 'கில்லி'யில் விமல் இருக்கிறார் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவருடைய பெயர் அந்தப் படத்தின் எழுத்துகளில் வருகிறதா? அவர் பேசியதாக ஒரு வசனத்தையாவது உங்களால் சொல்ல முடியுமா? பாண்டிராஜ் இயக்கிய 'பசங்க'தான் அவரை அவராகக் காட்டிய முதல் படம். அடுத்த ஆண்டு 'களவாணி', 2011-ல் 'வாகை சூட வா', 2012-ல் 'கலகலப்பு', 2013-ல் 'கேடி பில்லா கில்லாடி ரங்கா'வும் 'தேசிங்கு ராஜா'வும், 2014-ல் 'மஞ்சப்பை' என்று ஆண்டு தவறாமல் ஓடியது. அதன் பிறகு என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். 'விலங்கு' வரும்வரை அவர் படம் வந்ததும் போனதும் எத்தனை பேருக்குத் தெரிந்தது?

மண்டபம் தம்பி:
கீழக்கரை அண்ணா, நான் பாம்பன் அண்ணனின் பக்கம்தான். 'விலங்கு' வந்தது பிப்ரவரி மாதம் என்றாலும், எங்கள் தெருவில் எல்லோரும் அதைப் பார்த்தது ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய பிறகுதான். 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்போது ஏழு பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்தோம். பிள்ளை பெறும் நாள் நெருங்கிய மனைவி ஒரு பக்கம், தலை காணாமற்போன பிணம் ஒரு பக்கம் என்று அந்த உதவி ஆய்வாளர் பரிதி தவிக்கும்போது, இந்த முகத்தை இத்தனை நாள் சிரிக்க வைப்பதற்கு மட்டுமே பயன்படுத்திவிட்டார்களே என்று என் தகப்பனார் வருத்தப்பட்டார். அப்படியானால் திறமை முன்பே இருந்தது என்றுதானே பொருள்? தொடர் கொடுத்தது என்று எப்படிச் சொல்வது?

கீழக்கரை வாசி:
திறமை இருந்தது என்பதை யார் மறுத்தார்கள், தம்பி? இருந்த திறமையை வெளியே எடுத்தது எது என்பதுதான் கேள்வி. இயக்குநர் பிரசாந்த் பாண்டியராஜ் இல்லையென்றால் பரிதி இல்லை. 'விலங்கு'க்கு முன்னர் அவர் இயக்கிய 'புரூஸ் லீ' ஓடவில்லை. அவருக்கும் இந்தத் தொடர்தான் கை கொடுத்தது. அதன் பிறகுதான் சூரியை வைத்து 'மாமன்' எடுத்தார். ஆகவே என் வரி அப்படியே நிற்கிறது.

பாம்பன் கரையான்:
உங்கள் வரி நிற்கவில்லை. அதில் இன்னமும் 2009 என்றே இருக்கிறது. அதைத் திருத்தாமல் 'புரூஸ் லீ'க்கும் 'மாமனு'க்கும் எதற்காகப் போகிறீர்கள்? 2024 ஏப்ரலில் 'கில்லி'யை மறுபடியும் திரையிட்டபோது, தடைக்காலம் என்பதால் நாங்கள் எட்டுப் பேர் பாம்பனிலிருந்து பேருந்தேறி இராமநாதபுரத்துத் திரையரங்கு ஒன்றுக்குப் போனோம். படம் முதலில் வந்த 2004-லும் ஏப்ரல் மாதம்தான். அப்போது தடை 45 நாள். அப்போதும் பார்த்தேன், ஆனால் அவர் யாரென்று தெரியாமல் பார்த்தேன். இந்த முறை கபடிக் காட்சி வந்தவுடன் என் அக்கா மகன் இருக்கையை விட்டு எழுந்து, "மாமா, அந்தா நிற்கிறார் விமல்" என்று திரையைச் சுட்டிக் காட்டினான். அரங்கு முழுவதும் விஜய்க்காகக் கைதட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற அந்த ஒல்லியான பையனை மட்டும் நாங்கள் எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நின்றது யார்? விமல். எந்த ஆண்டு? 2004.

தேவிபட்டினம் ஆசிரியை:
இருவரும் பொறுமையாக இருக்க வேண்டுகிறேன். 'தொடக்கம்' என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கேமராவின் முன் முதன்முதலாக நின்ற நாளா, பெயர் எழுத்தில் வந்த நாளா, கதாநாயகனான நாளா? கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பயிற்சிக்குச் சேர்ந்த நாளைக்கூடத் தொடக்கம் என்று சொல்லலாம். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய அந்தப் பட்டறையிலிருந்து பசுபதி, குரு சோமசுந்தரம், விதார்த் என்று எத்தனையோ பேர் வந்தார்கள். அவர்கள் எவருடைய உழைப்பும் முதற்படத்தில் தொடங்கவில்லை.

நாம் விமலையே பிடித்துக்கொண்டிருப்பதிலும் எனக்கு வருத்தம் உண்டு. 'வாகை சூட வா'வில் செங்கல் சூளைக் கிராமத்துக்கு வாத்தியாராக வந்த விமலுக்கு எதிரே தேநீர்க் கடைப் பெண்ணாக நின்ற இனியா, பதினோரு ஆண்டு கழித்து இந்தத் தொடரில் அவருக்கே மனைவியாக வருகிறார். 'முண்டாசுப்பட்டி'யில் ஏற்ற பாத்திரத்தின் பெயரே தன் பெயராகிவிட்ட முனீஷ்காந்தும், 'கனா காணும் காலங்கள்' வழியாகத் தொலைக்காட்சியில் வளர்ந்து 'பண்ணையாரும் பத்மினியும்' படத்தில் 'பீடை' என்ற பாத்திரமாக வந்த பால சரவணனும் காவலர் உடையில் எவ்வளவு அடக்கமாக நடித்திருக்கிறார்கள்! அவர்களைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை.

பாம்பன் கரையான்:
ஆசிரியை அவர்களே, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் 2004 என்பது 2004-தான்.

கீழக்கரை வாசி:
பெயர் எழுத்தில் வராத ஆண்டை நான் கணக்கில் எடுக்கப் போவதில்லை.

பரமக்குடி மைந்தன்:
எங்கள் ஊரில் பிறந்த கமல்ஹாசனின் கணக்கை 1960-ல் வந்த 'களத்தூர் கண்ணம்மா'விலிருந்துதான் எல்லோரும் போடுகிறார்கள். அப்போது அவர் சின்னஞ்சிறு பிள்ளை. கதாநாயகனான ஆண்டிலிருந்து கணக்கிடுங்கள் என்று எவரும் சொன்னதில்லை. விமலுக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

கீழக்கரை வாசி:
அந்தப் படத்தில் கமல்ஹாசன் பின்வரிசையில் நிற்கவில்லை, ஐயா. கதையே அந்தப் பிள்ளையைச் சுற்றித்தான் நடக்கிறது. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். மேலும், கடற்கரைக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் பரமக்குடிக்கு என்ன வேலை என்றும் எனக்கு விளங்கவில்லை.

பரமக்குடி மைந்தன்:
பரமக்குடி இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வைகை எங்களைத் தாண்டித்தான் உங்கள் பக்கம் வருகிறது. நடிகர்களைப் பற்றிப் பேசக் கடல் தண்ணீர் குடித்திருக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து போன செந்தில் எந்தக் கடலைப் பார்த்து நடித்தார்?

கீழக்கரை வாசி:
ஊர்ப் பெருமை என்று வந்தால் நானும் சொல்வேன். விமலின் வெற்றிகளில் பெரும்பங்கு உள்ள 'மஞ்சப்பை' யாருக்காக ஓடியது? கிராமத்துத் தாத்தாவாக வந்த எங்கள் கீழக்கரை ராஜ்கிரணுக்காக ஓடியது. அந்த மனிதர் தோளில் போட்ட துண்டோடு நகரத்து அடுக்குமாடிக்குள் வந்து நிற்கும்போது, பக்கத்தில் யார் நின்றாலும் படம் ஓடியிருக்கும்.

பாம்பன் கரையான்:
ராஜ்கிரணைக் கீழக்கரைக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்தது யார்? அவர் இந்த மாவட்டத்துக்கே உரியவர். நீங்களாகவே அவரை இழுத்ததால் கேட்கிறேன். ராஜ்கிரண் நாயகனாகப் பெயர் வாங்கியது 1991-ல் வந்த 'என் ராசாவின் மனசிலே' படத்தில். அதற்கு முன்பே அவர் தயாரிப்பாளராக இருந்தார், முகம் தெரியாமல் பணம் போட்டு உழைத்தார். அந்த ஆண்டுகளைத் தள்ளிவிட்டு 1991-லிருந்து எழுதினால் கீழக்கரையில் ஒப்புக்கொள்வீர்களா? ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். ராஜ்கிரணுக்கு ஒரு நியாயம், மணப்பாறைப் பக்கத்து விமலுக்கு ஒரு நியாயமா?

கீழக்கரை வாசி:
நடிகராக ராஜ்கிரணுக்கு 1991-தான் திருப்பம் என்று நானே எழுதுவேன். அதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் ஆண்டுகளைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறவர் யார் என்று படிப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். 1964 புயலில் உடைந்த பாம்பன் ரயில் பாலத்தைச் சீரமைக்க மூன்று மாதம் ஆனது என்று போன ஆண்டு இதே இடத்தில் எழுதியவர் இவர்தான். பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார் என்று நான் திருத்தினேன். பாலத்தின் காலடியில் குடியிருப்பவருக்கு அதுகூடத் தெரியவில்லை.

பாம்பன் கரையான்:
அன்று நான் தவறியதை அன்றே ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளத் தெரியாதவர் நீங்கள்தான். அதைத்தான் இன்றும் பார்க்கிறேன்.

நான் ஏன் இதை விடாமல் பிடித்திருக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பதினாலு வயதில் சித்தப்பாவின் வத்தையில், அதாவது சிறு படகில், ஏறினேன். இரண்டு ஆண்டுகள் எனக்கு வலையைத் தொடவே கொடுக்கவில்லை. உள்ளே கசியும் தண்ணீரை இறைப்பேன், சோறு பொங்குவேன், கரைக்கு வந்த பிறகு நண்டு கிழித்த வலைக்கண்ணிகளை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், சித்தப்பா முடிச்சுப் போடுவார். எனக்கு அரைப் பங்கு. என் பெயர் அப்போது எந்தச் சங்கத்துப் புத்தகத்திலும் இல்லை. இன்று என் சொந்தப் படகில் நான்கு பேர் வருகிறார்கள். எத்தனை ஆண்டாகக் கடலுக்குப் போகிறாய் என்று யாராவது கேட்டால், பெயர் புத்தகத்தில் ஏறிய ஆண்டிலிருந்தா சொல்வேன்? தண்ணீர் இறைத்த முதல் நாளிலிருந்துதான் சொல்வேன். 'கில்லி'யில் நின்ற விமலும் தண்ணீர் இறைத்தவர்தான். 'புதுப்பேட்டை'யில் கூட்டத்தோடு வந்த விஜய் சேதுபதியும் அப்படித்தான். 'தென்மேற்குப் பருவக்காற்று' வரும்வரை அவரும் அரைப் பங்குதான் வாங்கினார். பின்வரிசையில் நின்ற ஆண்டுகளை அழித்துவிட்டால், பிறகு ஒரு தொடர் வந்து எல்லாவற்றையும் கொடுத்தது என்று எளிதாக எழுதிவிடலாம். நீங்கள் செய்தது அதைத்தான்.

மண்டபம் தம்பி:
அண்ணன் சொன்னதை என் தகப்பனாருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழக்கரை வாசி:
கண் கலங்குவதால் ஆண்டு மாறாது, தம்பி. கடலில் தண்ணீர் இறைத்தவருக்கு அரைப் பங்காவது உண்டு. அதற்குக் கூடவே போனவர்கள் சாட்சி. படத்தில் பார்வையாளன்தான் சாட்சி. அவனுக்கு 2004-ல் விமலைத் தெரியாது. பாம்பன்காரரே 2004-ல் பார்த்தபோது யாரென்று தெரியாமல் பார்த்தேன் என்று மேலே தம் கையாலேயே எழுதியிருக்கிறார். இதற்கு மேல் எனக்கு என்ன சான்று வேண்டும்?

பாம்பன் கரையான்:
எனக்குத் தெரியாமற்போனது என் குறை. அவர் அங்கே நின்றது உண்மை.

தேவிபட்டினம் ஆசிரியை:
மறுபடியும் கேட்கிறேன். 'விலங்கு'க்குப் பிறகு நடந்ததையாவது பேசுவோமா? 2024-ல் 'போகுமிடம் வெகு தூரமில்லை' படத்தில் அமரர் ஊர்தி ஓட்டுநராக, கருணாஸுடன் வழி நெடுகப் பேசிக்கொண்டே வரும் விமலை எனக்கு மிகவும் பிடித்தது. அதே ஆண்டில் 'சார்' படத்தில் ஆசிரியராக வந்தார். அதை இயக்கிய போஸ் வெங்கட், 'மெட்டி ஒலி' தொடரில் ஏற்ற பாத்திரத்தின் பெயரையே தம் பெயரோடு சுமந்துகொண்டிருப்பவர். தொலைக்காட்சியிலிருந்து பெரிய திரைக்குப் போனவர் ஒருவர், இணையத் தொடரால் மீண்டும் பேசப்பட்ட நடிகரை வைத்துப் படம் எடுத்திருக்கிறார். ஒரு தொடர் நடிகருக்கு என்ன கொடுக்கிறது என்பதைப் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

பரமக்குடி மைந்தன்:
நல்ல கேள்வி, அம்மா. ஆனால் பரமக்குடிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டவர் இன்னும் என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவர் தெரிவித்த பிறகு நான் பேசுகிறேன்.

கீழக்கரை வாசி:
வருத்தம் தெரிவிக்கும்படி நான் எதுவும் சொல்லவில்லை. 'போகுமிடம் வெகு தூரமில்லை' போன்ற படம் அவரைத் தேடி வந்ததே 'விலங்கு' வந்ததால்தான் என்பதை ஆசிரியை அவர்களும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டார். மறுவாழ்வு என்று நான் எழுதியது சரிதான்.

தேவிபட்டினம் ஆசிரியை:
நான் அப்படிச் சொல்லவில்லை.

பாம்பன் கரையான்:
அவர் அப்படிச் சொல்லவில்லை, நானும் விடப்போவதில்லை. உங்கள் முதல் வரியில் 2009 என்று இருக்கும்வரை அதன் கீழே 2004 என்று எழுதிக்கொண்டே இருப்பேன். நாளை விடியற்காலையில் கடலுக்குப் போகிறேன், திரும்ப இரவாகும். வந்து பார்க்கும்போது அது மாறியிருக்க வேண்டும்.

கீழக்கரை வாசி:
நல்லபடியாகப் போய்விட்டு வாருங்கள். வரும்போதும் அது 2009 ஆகத்தான் இருக்கும்.