மண்டையோடு, எலும்பு டாட்டூ குத்தியவர்களே, எது நின்றது, எது சொதப்பியது?

முன்கையில் மண்டையோடு குத்தலாம் என்று இருக்கிறேன். பார்க்கிற டிசைன் எல்லாம் ஒரே மாதிரி: ரோஜா, கத்தி, தீ. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து

2013-இல் தோள்பட்டையில் போட்டேன். அகலம் இரண்டு இஞ்ச்தான், ஆனால் பல் ஒன்று விடாமல் தெரிய வேண்டும் என்று அடம். "அண்ணா, இவ்வளவு பொடியா போட்டா பின்னாடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்" என்றார் குத்தியவர். கேட்கவில்லை. தோலுக்குள் போன மை வருஷம் ஆக ஆக விரியும். இப்போது பல்வரிசை இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை. மீசை வைத்த மண்டையோடு என்கிறாள் மகள். கவர் அப் விசாரித்தேன். இதை மறைக்க இதைவிடப் பெரிதாக, அடர்த்தியாகத்தான் போட வேண்டுமாம். விட்டுவிட்டேன்.

ப்ரோ, பெரிதாகப் போடுங்கள். கண்குழி, மூக்குத் துளை இரண்டுக்கும் கறுப்பு. மற்ற இடத்தில் லேசான ஷேடிங், தோலே எலும்பாகத் தெரியட்டும். கீழ்த்தாடையை விட்டுவிட்டால் பல் தொல்லை பாதி குறையும்.

மதுரையிலிருந்து

எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. அடிபட்டு வந்த ஒரு பையன், புறங்கை முழுக்க எலும்புக்கூட்டுக் கை குத்தியிருந்தான். அருமையான வேலை. படத்தைத் திரையில் பார்த்துவிட்டு மறுபடி அவன் கையைப் பார்த்தால், கட்டைவிரலிலும் மூன்று எலும்பு! மற்ற நான்கு விரல்களுக்குத்தான் மூன்று மூன்று, கட்டைவிரலுக்கு இரண்டே. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14, ஆக ஒரு கைக்கு 27. ஏற்கெனவே எலும்பு முறிந்த சோகத்தில் இருந்தான், சொல்ல மனசு வரவில்லை. கை டிசைன் என்றால் ஸ்டென்சில் ஒட்டும்போதே எண்ணிவிடுங்கள்.

திருச்சியிலிருந்து

வலி பற்றி மட்டும். எனக்குக் காறை எலும்பின் மேல். அங்கே சதையே கிடையாது, ஊசியின் அதிர்வு பல்வரை வந்தது. முன்கைக்கு அவ்வளவு பயம் வேண்டாம்.

மயிலாப்பூரிலிருந்து

நான் குத்தியது மெக்சிகோவின் சர்க்கரை மண்டையோடு. நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களை வரவேற்க அங்கே படையல் வைப்பார்கள். அதில் வைக்கிற மிட்டாய் மண்டையோடுதான் இது. கூட வைக்கிற பூ நம் செண்டுமல்லி, அதற்குப் பூர்வீகமே மெக்சிகோதான். அதனால் ரோஜாவுக்குப் பதில் செண்டுமல்லி போடச் சொன்னேன்.

பாட்டிக்குப் பயந்து ஒரு மாதம் முழுக்கைச் சட்டை. கடைசியில் மாட்டிக்கொண்டேன். அவர் பிறந்தது திருக்கண்டியூர் பக்கம். சிவன் பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளிய தலம் அது. அந்தக் கபாலம் சிவன் கையிலேயே ஒட்டிக்கொள்ள, பிட்சாடனராக அலைந்தார், மேல்மலையனூரில் அங்காளம்மன்தான் விடுவித்தாள் என்று முழுக் கதையும் சொன்னார். கபாலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு நான் எதற்குப் பயந்தேன் என்று தெரியவில்லை. பாட்டியின் குறை வேறு: "கபாலம்னா பிச்சை வாங்குற ஓடு மாதிரி இருக்கணும். இது என்னடி, பல்லைக் காட்டிக்கிட்டு?"

கேட்டவர்

பல்லும் வேண்டாம், ரோஜாவும் வேண்டாம். மல்லாந்த ஓடு, அதற்குள் செண்டுமல்லி. எவ்வளவு பெரிதாகப் போட்டால் இதழ் ஒட்டாது?

கோவையிலிருந்து

உள்ளங்கை அகலத்துக்குக் குறையாமல். குத்துகிறவர் சொன்னால் கேளுங்கள்.